வங்கிப் பரிவர்த்தனைக் கோப்பைச் சொந்தக் கணக்கு மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வங்கி தந்த கோப்பு திறந்துவிட்டது, மென்பொருளும் பிழை எதுவும் காட்டாமல் வாங்கிக்கொண்டது. அப்படியும் கணக்கு தப்பாக இருக்கலாம். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். செலவு வரவாகப் பதிவாகியிருக்கும். ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை ஏறியிருக்கும். மென்பொருள் இவற்றை எப்போதும் தடுத்துவிடாது. ஏறிய பிறகு தேடித் தேடித் திருத்துவது, ஏற்றும் முன் பார்ப்பதைவிடப் பல மடங்கு வேலை.

அதனால் இங்கே படிகளின் வரிசைதான் முக்கியம். முக்கியமான சரிபார்ப்பு எல்லாம் இம்போர்ட்டுக்கு, அதாவது கோப்பை மென்பொருளில் ஏற்றுவதற்கு, முன்னால் வருகிறது. அவசரத்தில் ஏதாவது ஒரு படியைத் தாண்டத்தான் வேண்டும் என்றாலும், 8ஆம் படியை மட்டும் தாண்டாதீர்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் வேண்டும், அதாவது கோப்பில் உள்ள எழுத்தை அப்படியே காட்டும் நிரல். நோட்பேட்++, கேட் (Kate), விஎஸ் கோட் எதுவானாலும் சரி. ஒரு விரிதாள் மென்பொருள் வேண்டும். லிப்ரேஆஃபிஸ் கால்க் இந்த வேலைக்கு எக்செல்லைவிடத் தோதானது, காரணம் 5ஆம் படியில் வரும். கணக்கு மென்பொருளைப் பொறுத்தவரை, க்னூகேஷ் (GnuCash), கேமைமணி (KMyMoney), ஹோம்பேங்க் (HomeBank) போன்ற எதற்கும் இந்த முறை பொருந்தும்.

இவற்றோடு, மாற்றப்போகும் காலத்துக்கான ஸ்டேட்மென்டிலிருந்து இரண்டு எண்களைத் தனியே எழுதி வையுங்கள்: தொடக்க இருப்பு, முடிவு இருப்பு. இந்த இரண்டும் இல்லாமல் மாற்றம் சரியாக நடந்ததா என்று சொல்லவே முடியாது.

கணக்குப் புத்தகத்துக்கு ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். ஒட்டுமொத்தமாக ஏறிய நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே சொடுக்கில் திரும்ப எடுக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்காது. பழைய நிலைக்குப் போக நம்பகமான வழி பேக்கப்தான்.

2. எந்த வடிவத்தில் வாங்குவது

வங்கியின் டவுன்லோட் பக்கத்தில் பல வடிவங்கள் இருந்தால், பழக்கமானது என்பதற்காக எக்செல்லைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அடுத்து எவ்வளவு வேலை இருக்கும் என்பதை இந்த ஒரு தேர்வுதான் தீர்மானிக்கிறது.

ஓஎஃப்எக்ஸ் (OFX) என்ற, நிதித் தரவுப் பரிமாற்றத்துக்கென்றே உள்ள வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் தேதிக்கு ஒரே வடிவம்தான், தொகை கூட்டல் கழித்தல் குறியோடு இருக்கும், கணக்கு எண்ணும் நாணயமும் கோப்புக்குள்ளேயே இருக்கும். எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எஃப்ஐடிஐடி (FITID) என்ற தனி அடையாளம் உண்டு. ஒரே மாதத்தை மறுபடி ஏற்றினாலும் மென்பொருள் அதை வைத்து நகலைக் கண்டுபிடித்துவிடும். க்யூஎஃப்எக்ஸ் (QFX) என்பதும் ஓஎஃப்எக்ஸ்தான். குவிக்கன் என்ற கணக்கு மென்பொருளுக்காகச் சில கூடுதல் வரிகள் இருக்கும், அவ்வளவே.

கேம்ட்.053 (camt.053), எம்டி940 (MT940) ஆகியவை வங்கிகளும் நிறுவனங்களும் பயன்படுத்தும் வடிவங்கள். நம்பகமானவை, ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் தடுக்கும்: தொகையோடு குறி இருக்காது. கேம்டில் கிரெடிட்டா (வரவு) டெபிட்டா (செலவு) என்பது தனிப் புலத்தில் இருக்கும். எம்டி940இல் தொகைக்கு முன்னால் ஓர் எழுத்தாக இருக்கும். தொகையை மட்டும் எடுத்துக்கொண்டால் எல்லாமே வரவாகிவிடும். எம்டி940இல் ரத்து செய்யப்பட்ட கிரெடிட்டுக்கு இரண்டெழுத்துக் குறி வரும். அதன் பொருள் பணம் வெளியே போனது என்பது. தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியும், ஆண்டுக்கு இரண்டே இலக்கமும் அதில் இருக்கும்.

க்யூஐஎஃப் (QIF) பழையது, எளியது, அநேகமாக எல்லா மென்பொருளும் படிக்கும். ஆனால் தேதி எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று அதில் எங்கும் இருக்காது, நாணயம் இருக்காது, பரிவர்த்தனைக்கு அடையாள எண்ணும் இருக்காது. வேறு வழி இல்லாதபோது மட்டும் எடுங்கள்.

மிச்சம் சிஎஸ்வி (CSV), நெடுவரிசைகளைக் காற்புள்ளி போன்ற ஒரு குறியால் பிரித்து எழுதிய வெறும் டெக்ஸ்ட் கோப்பு. வங்கிக்கு வங்கி மாறுபடுவதும், அதிகமானோருக்குக் கையில் கிடைப்பதும் இதுதான். கீழே வரும் 4 முதல் 7 வரையிலான படிகள் முக்கியமாக இதற்காக. பிடிஎஃப் மட்டுமே கிடைக்கிறது என்றால் முதலில் 12ஆம் படியைப் பார்த்துவிட்டு இங்கே திரும்புங்கள்.

3. காலத்தைத் தேர்ந்து டவுன்லோட் செய்தல்

இன்றைய தேதி வரை எடுக்காதீர்கள். கடைசிச் சில நாள் பரிவர்த்தனைகள் இன்னும் நிலுவையில் இருக்கலாம். அட்டைப் பரிவர்த்தனையில் தொகையோ தேதியோ விவரமோ பின்னால் மாறுவது சாதாரணம். மாறிய பிறகு அது புதிய பரிவர்த்தனையாக மறுபடி வந்து நிற்கும். முடிந்துபோன மாதத்தை முழுதாக எடுப்பது நல்லது.

டவுன்லோட் ஆனதும் முதல் வரியின் தேதியையும் கடைசி வரியின் தேதியையும் பாருங்கள். சில வங்கித் தளங்கள் ஒரு எல்லைக்கு மேல் வரிகளைத் தராமல், அதைச் சொல்லாமலும் விட்டுவிடும். நீங்கள் கேட்ட காலமும் கோப்பில் உள்ள காலமும் ஒன்றா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

மூலக் கோப்பை மாற்ற முடியாதபடி, படிக்க மட்டும் என்று அமைத்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். வேலை எல்லாம் அதன் பிரதியில். எண்கள் ஒத்துவராதபோது, வங்கி தந்ததே அப்படியா, நாம் மாற்றும்போது கெட்டதா என்பதை மூலம் இருந்தால்தான் தீர்க்க முடியும்.

4. முதலில் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள்

சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கினால் எக்செல் போன்ற விரிதாள் திறந்து, பெரும்பாலும் கேட்காமலே தேதியையும் எண்ணையும் தனக்குத் தோன்றியபடி மாற்றிக் காட்டும். அதற்கு முன் வங்கி உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்க்க வேண்டியவை இவை.

நெடுவரிசைகளைப் பிரிப்பது எது? காற்புள்ளியா, அரைப்புள்ளியா, டேபா? தசமத்துக்குக் காற்புள்ளி போடும் வழக்கமுள்ள இடங்களில் வங்கிகள் அரைப்புள்ளியால் பிரிப்பதுண்டு. இரண்டும் கலந்திருப்பதாகத் தோன்றினால், விவர நெடுவரிசை மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றனவா? கேள்விக்குறியும் கட்டமும் தெரிந்தால் என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கோப்பில் குறிக்கும் முறை, வேறு. யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16, விண்டோஸ்-1252 மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சரியானது கிடைத்ததும் யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (BOM) என்ற கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கலாம். அது இருந்தால், முதல் நெடுவரிசையின் பெயர் சரியாக இருந்தும் சில மென்பொருள்கள் அதை அடையாளம் காணாது. எடிட்டரில் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால் தீரும்.

தலைப்பு வரிக்கு மேலே எத்தனை வரிகள்? கணக்கு எண், பெயர், காலம் என்று பல வரிகள் இருக்கும். கீழேயும் மொத்தம், மறுப்புக் குறிப்பு என்று சில இருக்கும். தலைப்பு வரியையும் பரிவர்த்தனை வரிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். 'தொடக்க இருப்பு', 'கொண்டுவந்தது' போன்ற வரிகள் பரிவர்த்தனை அல்ல. அவை பரிவர்த்தனையாக ஏறிவிட்டால், மென்பொருளில் நீங்கள் ஏற்கெனவே போட்ட தொடக்க இருப்போடு சேர்ந்து அந்தத் தொகை இரட்டிப்பாகிவிடும். புதியவர்கள் எளிதில் செய்துவிடும் பிழை இது.

எக்ஸ்எல்எஸ் என்ற பெயரில் வரும் கோப்பு சில நேரம் எக்செல் கோப்பே அல்ல. உள்ளே ஹெச்டிஎம்எல் அட்டவணையோ டேபால் பிரித்த டெக்ஸ்ட்டோ இருக்கும். வடிவமும் பெயரும் பொருந்தவில்லை என்று எக்செல் எச்சரித்தால் காரணம் இது. எடிட்டரில் திறந்தால் உடனே தெரிந்துவிடும்.

5. விரிதாளில் எல்லாவற்றையும் டெக்ஸ்ட்டாகத் திறத்தல்

லிப்ரேஆஃபிஸ் கால்க் சிஎஸ்வியைத் திறக்கும்போது ஒரு பெட்டி காட்டும். அதில் பிரிப்பான், என்கோடிங் இரண்டையும் கொடுத்து, கீழே முன்னோட்டத்தில் எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்து வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். எக்செல்லில் இதற்கு டேட்டா மெனு வழியாக டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, தரவு வகையைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நேரடியாகத் திறந்தால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகை என்ன என்று எக்செல் கேட்காது. அதனால்தான் கால்க் தோது.

எல்லாவற்றையும் டெக்ஸ்ட்டாகத் திறக்கக் காரணம் இது: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். அதற்கு மேல் நீளமான பரிமாற்ற எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும். சேமித்த பிறகு மீட்க வழியில்லை. முன்னால் சுழியம் உள்ள காசோலை எண்ணில் அந்தச் சுழியங்கள் போய்விடும். தேதிக்கு நேர்வது இன்னும் மோசம்.

6. தேதி

03/04/2024 என்பது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். எது என்று ஊகிக்காதீர்கள். அந்த நெடுவரிசையில் 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று தேடுங்கள். 25/03/2024 என்று ஒன்று இருந்தாலே போதும், முதலில் இருப்பது நாள் என்பது உறுதி.

டெக்ஸ்ட்டாகத் திறக்காமல் விட்டால் நடப்பது இது. கணினியின் அமைப்பு மாதத்தை முதலில் எதிர்பார்த்தால், 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 25/03/2024இல் 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது அப்படியே டெக்ஸ்ட்டாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அங்கேயே திருத்த முயலாதீர்கள்; மூடிவிட்டு 5ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். புரண்ட தேதி எது, புரளாதது எது என்று இனிமேல் பிரித்தறிவது பெரும்பாடு.

எல்லாத் தேதிகளையும் 2024-03-25 என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆண்டு முதலில் நிற்பதால் குழப்பத்துக்கு இடமில்லை, டெக்ஸ்ட்டாகவே வரிசைப்படுத்தினாலும் கால வரிசை கெடாது. இடது, நடு, வலது துண்டுகளை வெட்டி ஒட்டும் சூத்திரங்களே இதற்குப் போதும்.

இரண்டு தேதி நெடுவரிசைகள் இருந்தால், ஒன்று பரிவர்த்தனை பதிவான நாள், மற்றது மதிப்பு நாள், அதாவது வட்டிக் கணக்குக்கு வங்கி எடுத்துக்கொள்ளும் நாள். பதிவு நாளை எடுங்கள். ஸ்டேட்மென்டில் இருப்பு பொதுவாக அந்த வரிசையில்தான் ஓடுகிறது; மதிப்பு நாளை எடுத்தால் மாதக் கடைசிப் பரிவர்த்தனை அடுத்த மாதத்துக்குத் தாவி, ஒத்துப்பார்க்கும்போது இடிக்கும்.

நீங்களே ஓஎஃப்எக்ஸ் உருவாக்குவதாக இருந்தால் தேதியோடு நண்பகல் 12 மணி என்று நேரத்தையும் சேருங்கள். நேர மண்டலம் குறிப்பிடாத நேரத்தை ஓஎஃப்எக்ஸ் கிரீன்விச் நேரமாகக் கொள்ளும். நள்ளிரவு என்று இருந்தால் கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ளவர்களுக்கு எல்லாமே ஒரு நாள் முன்னால் போய்விட வாய்ப்புண்டு. நண்பகல் என்றால் அநேகமாக எந்தப் பக்கமும் நாள் தாண்டாது.

7. தொகை

இலக்கு ஒன்றே: ஒரே நெடுவரிசை, வந்தது கூட்டல், போனது கழித்தல், தசமத்துக்குப் புள்ளி, வேறு எந்தக் குறியும் இல்லை.

ஆயிரத்துக்குப் போடும் பிரிப்பு, நாணயக் குறி, இடைவெளி ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். ஸ்பேஸ் போலவே தெரிந்தும் தேடி நீக்கும்போது சிக்காத இடைவெளி ஒன்று உண்டு. வரியை உடைக்காத இடைவெளி அது. கோப்பிலிருந்து அதையே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டினால் அகப்படும். கழித்தல் குறியும் அப்படித்தான்: சில கோப்புகளில் சாதாரண ஹைஃபனுக்குப் பதில் அதே போலத் தெரியும் வேறு எழுத்து இருக்கும், விரிதாள் அதை எண்ணாக ஏற்காது.

காற்புள்ளியைத் தசமமாகக் கொண்ட கோப்பில் வரிசை முக்கியம். 1.234,56 என்ற தொகையில் முதலில் புள்ளியை நீக்குங்கள், 1234,56 ஆகும். பிறகு காற்புள்ளியைப் புள்ளியாக்குங்கள், 1234.56 ஆகும். மாற்றிச் செய்தால் நடுவில் 1.234.56 வந்து, கடைசியில் 123456 ஆகி, தொகை நூறு மடங்காகிவிடும்.

டெபிட், கிரெடிட் என்று இரண்டு நெடுவரிசைகள் இருந்தால், கிரெடிட்டிலிருந்து டெபிட்டைக் கழிக்கும் ஒரே சூத்திரம் போதும். காலியாக உள்ள கட்டம் சுழியமாகும். அதற்கு முன் டெபிட் நெடுவரிசையில் ஏற்கெனவே கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழித்தலில் கழித்தல் சேர்ந்து செலவு வரவாகிவிடும். தொகைக்குப் பின்னால் 'டிஆர்' (டெபிட்), 'சிஆர்' (கிரெடிட்) என்று எழுதும் வங்கிகள் உண்டு. அடைப்புக்குள் இட்ட தொகை கழித்தல் என்று கொள்ளும் வங்கிகளும் உண்டு.

கடன் அட்டைக் கோப்பு தனி விஷயம். அங்கே பல வங்கிகள் செலவைக் கூட்டலாகவும், நீங்கள் கட்டிய தொகையைக் கழித்தலாகவும் காட்டும், ஏனென்றால் அந்த இருப்பு நீங்கள் தர வேண்டிய கடன். கணக்கு மென்பொருளுக்குப் பொதுவாக இதைத் தலைகீழாகத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் நன்றாக அறிந்த ஒரு செலவைக் கோப்பில் தேடி, அதன் குறியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

8. இருப்பைக் கொண்டு சரிபார்த்தல்

இதுவரை செய்தது எல்லாம் சரியா என்று தீர்ப்பு சொல்வது இந்தப் படி. வங்கியின் கோப்பில் இருப்பு நெடுவரிசை இருந்தால் அதை வேண்டாதது என்று நீக்கிவிடாதீர்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கோப்பு புதியதிலிருந்து பழையதற்குப் போகிறது என்றால் முதலில் அதைத் தலைகீழாக்குங்கள். தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் ஒரே நாளின் பரிவர்த்தனைகள் தலைகீழாகவே நின்றுவிடும். அதனால் 1, 2, 3 என்று வரி எண் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, அதை வைத்து இறங்குவரிசையில் மாற்றுங்கள்.

பிறகு ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் இருப்பையும் இந்த வரியின் தொகையையும் கூட்டி, இந்த வரியின் இருப்பைக் கழியுங்கள். விடை சுழியமாக வர வேண்டும். அந்த விடையை 2 தசமத்துக்கு முழுமையாக்கும் சூத்திரத்துக்குள் (ROUND) போடுங்கள். கணினி தசமங்களை இரும எண்ணாக வைப்பதால், ஒத்திருக்கும் தொகைகளுக்கும் மிகச் சிறிய வேறுபாடு காட்டும். சுழியம் அல்லாத முதல் வரியில்தான் பிழை தொடங்குகிறது.

ஒரே நாளுக்குள் பரிவர்த்தனைகளை வேறு வரிசையில் அச்சிடும் வங்கிகளிடம் வரிக்கு வரி பொருந்தாது, ஆனால் நாள் முடிவில் பொருந்தும். அப்போது நாள்தோறும் கடைசி இருப்பை மட்டும் பாருங்கள். இருப்பு நெடுவரிசையே இல்லை என்றால், ஆரம்பத்தில் எழுதி வைத்த தொடக்க இருப்போடு எல்லாத் தொகைகளையும் கூட்டுங்கள். முடிவு இருப்பு காசு பிசகாமல் வர வேண்டும். 'கிட்டத்தட்ட' என்பது இங்கே செல்லாது. சின்ன வேறுபாடு என்பது இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதன் மிச்சமாகவும் இருக்கலாம்.

வேறுபாட்டின் அளவே பிழையின் வகையைச் சொல்லும். வேறுபாடு ஏதோ ஒரு பரிவர்த்தனையின் தொகைக்குச் சமம் என்றால், ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை இருக்கிறது. வேறுபாட்டை இரண்டால் வகுத்தால் ஒரு தொகை கிடைக்கிறது என்றால், அந்த வரியில் குறி மாறியிருக்கிறது. 99ஆல் வகுத்தால் ஒரு தொகை கிடைக்கிறது என்றால், தசமம் தொலைந்து அந்தத் தொகை நூறு மடங்காகியிருக்கிறது. காசுகளாக எழுதிப் பார்த்தால் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஆனால் மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால், கையால் தட்டச்சு செய்ததில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540க்குப் பதில் 450 என்பது போல.

சுழியம் வந்த பிறகுதான் அடுத்த படி.

9. விவர நெடுவரிசை

இங்கே அதிகம் திருத்தாதீர்கள். வங்கி எழுதிய விவரத்தை அப்படியே குறிப்பு நெடுவரிசையில் வையுங்கள். வேண்டுமானால் அதன் பிரதியைச் சுத்தம் செய்து பெறுநர் பெயராகப் போடுங்கள். ஒரு பணம் எங்கே போனது என்று பல மாதம் கழித்துத் தேடும்போது, அந்த அசிங்கமான பரிமாற்ற எண்தான் கைகொடுக்கும்.

பெயரில் மட்டும் பரிமாற்ற எண்களையும் தேதிகளையும் நீக்குவது பயன் தரும். க்னூகேஷ் போன்றவை நீங்கள் முன்பு வகைப்படுத்தியதிலிருந்து சொற்களைக் கற்றுக்கொண்டு அடுத்த முறை வகையை ஊகிக்கின்றன. ஒவ்வொரு மாதமும் மாறும் எண்கள் அந்த ஊகத்துக்கு உதவுவதில்லை. ஓஎஃப்எக்ஸில் பெயருக்கு 32 எழுத்துதான் இடம். மிச்சத்தைக் குறிப்பில் போடுங்கள்.

'மற்றும்' என்பதற்கான ஆம்பர்சண்ட் குறியும் (&), கோணக் குறிகளும் (<, >) ஓஎஃப்எக்ஸ், எக்ஸ்எம்எல் கோப்புகளில் அப்படியே இருக்கக் கூடாது. அவற்றுக்கு உரிய மாற்று வடிவத்தில் எழுத வேண்டும். முழுக் கோப்பையும் மென்பொருள் படிக்க மறுக்கிறது, காரணமும் சொல்லவில்லை என்றால் முதலில் கடை, நிறுவனப் பெயர்களில் இந்தக் குறிகளைத் தேடுங்கள்.

10. கோப்பை உருவாக்குதல்

மூன்று வழிகள் உண்டு. சுத்தமான சிஎஸ்வியை நேராக ஏற்றுவது எளிது: க்னூகேஷும் கேமைமணியும் எந்த நெடுவரிசை எது என்று கேட்டு, அந்த அமைப்பைப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளும். ஹோம்பேங்க் தனக்கென ஒரு வரிசையை எதிர்பார்க்கிறது: தேதி, செலுத்தும் முறை, எண் அல்லது தகவல், பெறுநர், குறிப்பு, தொகை, வகை, குறிச்சொல் என்ற எட்டும் அரைப்புள்ளியால் பிரிந்திருக்க வேண்டும். செலுத்தும் முறை எண்ணாக இருக்கும், தெரியாவிட்டால் 0.

இரண்டாவது, ஓஎஃப்எக்ஸ்ஸ்டேட்மென்ட் (ofxstatement) என்ற, பைத்தான் நிரல்மொழியில் எழுதிய கருவி. வங்கிக்கு வங்கி செருகுநிரல்கள், அதாவது அந்த வங்கியின் கோப்பைப் படிக்கும் கூடுதல் நிரல்கள், உள்ளன. உங்கள் வங்கிக்கு இல்லையென்றால் ஒன்றை எழுத வேண்டும். மாதாமாதம் பல கணக்குகளை மாற்றுபவருக்கு இந்த உழைப்பு வீண்போகாது. மூன்றாவது க்யூஐஎஃப், மென்பொருள் வேறு எதையும் ஏற்காதபோது.

விரிதாளிலிருந்து சேமிக்கும்போது என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்றே கொடுங்கள். எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

அடையாள எண்ணை நீங்களே உருவாக்குவதாக இருந்தால் வரி எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். அடுத்த முறை வேறு காலத்துக்கு டவுன்லோட் செய்தால் அதே பரிவர்த்தனைக்கு வேறு வரி எண் வரும்; மென்பொருள் அதைப் புதியதாக நினைக்கும். தேதி, தொகை, வங்கியின் மூல விவரம் மூன்றையும் சேர்த்து அடையாளமாக்குங்கள். ஒரே நாளில் ஒரே தொகைக்கு ஒரே விவரத்தோடு இரண்டு பரிவர்த்தனைகள் வரலாம், அவை நகல் அல்ல. அதனால் அந்த நாளுக்குள் அது எத்தனையாவது என்ற எண்ணையும் கடைசியில் சேருங்கள். எந்தக் காலத்தையும் முழு நாட்களாகவே எடுத்தால் இந்த எண் மாறாது.

வங்கியே தரும் அடையாளத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரே காலத்தை இரண்டு தடவை டவுன்லோட் செய்து ஒப்பிட்டால், அடையாளங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறது என்றால் அவை பயன்படாது. நீங்கள் உருவாக்கியதைப் போடுங்கள்.

கோப்பை இணையதளத்தில் ஏற்றி மாற்றித் தரும் சேவைகளைப் பயன்படுத்தாதீர்கள். கணக்கு எண், சம்பளம், யாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், எந்த மருத்துவரிடம் போகிறீர்கள் என்று எல்லாமே அந்த ஒரு கோப்பில் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் உள்ள எந்தப் படிக்கும் கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகத் தேவையில்லை.

11. சோதனை, பிறகு முழு இம்போர்ட்

கணக்குப் புத்தகத்தின் ஒரு பிரதியில் முதலில் சில வரிகளை மட்டும் ஏற்றுங்கள். அந்த வரிகளைப் பொறுக்கி எடுங்கள்: ஒரு வரவு, ஒரு செலவு, ஆயிரத்துக்கு மேற்பட்ட தசமத் தொகை, 12க்கு மேற்பட்ட நாள், 12க்குக் குறைந்த நாள், சிறப்புக் குறியுள்ள ஒரு விவரம். இவை சரியாக ஏறினால் மற்றவையும் பெரும்பாலும் ஏறும்.

முதல் தடவை எந்தக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று மென்பொருள் கேட்கும். கவனமாகப் பதில் சொல்லுங்கள். ஓஎஃப்எக்ஸில் இந்த இணைப்பு நினைவில் வைக்கப்படும், தப்பாகச் சொன்னால் அடுத்த மாதமும் கேட்காமல் அதே தப்பான இடத்தில் ஏறும்.

பல ஆண்டுத் தரவு இருந்தாலும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். ஒரு கணக்கு, ஒரு காலம், ஒத்துப்பார்த்தல், பேக்கப், பிறகு அடுத்தது. பிழை வந்தால் தேட வேண்டிய இடம் சிறிதாக இருக்கும்.

உங்கள் சொந்தக் கணக்குகளுக்கு இடையே மாற்றிய பணம் இரண்டு கோப்புகளிலும் வரும். முதல் கோப்பை ஏற்றும்போது அதைச் செலவு என்று வகைப்படுத்தாமல், எதிர்க் கணக்கின் பெயரையே கொடுங்கள். அப்போது மறு கணக்கிலும் அந்தப் பதிவு தானே வந்துவிடும். இரண்டாவது கோப்பை ஏற்றும்போது அந்த வரியைப் புதிதாகச் சேர்க்காமல், இருப்பதோடு பொருத்துங்கள். இரு வங்கிகளிலும் தேதி ஓரிரு நாள் வேறுபடுவதால் மென்பொருள் தானாகப் பொருத்தத் தவறலாம். பொருத்தப் பட்டியலை மேலோட்டமாக ஒப்புக்கொண்டு கடந்துவிடாதீர்கள். சொந்தக் கணக்கு மாற்றங்களையும் கடன் அட்டைக்குக் கட்டியதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஏறியதும் மென்பொருளின் ஒத்துப்பார்க்கும் வசதியில் ஸ்டேட்மென்டின் முடிவு நாளையும் முடிவு இருப்பையும் கொடுங்கள். 8ஆம் படியில் சுழியம் வந்திருந்தும் இங்கே வேறுபாடு இருந்தால் கோப்பின் மேல் பழி இல்லை. பெரும்பாலும் தொடக்க இருப்பு தப்பு, அல்லது நீங்கள் கையால் முன்பே எழுதிய பதிவுகள் பொருந்தாமல் நகலாகியிருக்கின்றன. முதலில் இந்த இரண்டு இடங்களில் தேடுங்கள்.

12. பிடிஎஃப் மட்டுமே இருந்தால்

முதலில் பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பாருங்கள். எழுத்தாக ஒட்டினால் நல்லது. டபுலா (Tabula) என்ற கருவி அட்டவணையைச் சிஎஸ்வியாக எடுத்துத் தரும், பாப்ளர் (Poppler) தொகுப்பில் உள்ள பிடிஎஃப்டுடெக்ஸ்ட் (pdftotext) நெடுவரிசை அமைப்பைக் காத்தபடி டெக்ஸ்ட்டாக்கும். கடவுச்சொல் உள்ள கோப்பு என்றால், அந்தச் சொல் உங்களிடம் இருப்பதால், க்யூபிடிஎஃப் (qpdf) என்ற கருவி கொண்டு கடவுச்சொல் இல்லாத பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும் தலைப்பையும், முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த இருப்பு வரியையும் நீக்குங்கள். விவரம் இரண்டு மூன்று வரிகளுக்கு மடிந்திருக்கும். தேதி இல்லாத வரியை மேலே உள்ள வரியோடு சேர்ப்பது என்ற விதி பெரும்பாலான ஸ்டேட்மென்ட்டுகளுக்குப் பொருந்தும்.

எழுத்தாக ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் (OCR) மென்பொருள் தேவை. 3ஐ 8 ஆகவும் 1ஐ 7 ஆகவும் அது படிக்கும், பார்த்தால் தெரியாது. வரிக்கு வரி இருப்பைச் சரிபார்க்காமல் ஓசிஆர் தந்த எதையும் ஏற்றாதீர்கள்.

13. அடுத்த மாதத்துக்கு

விரிதாளைச் சூத்திரங்களோடு வார்ப்புருவாகச் சேமியுங்கள். இம்போர்ட் அமைப்புக்கு வங்கியின் பெயரும் கணக்கின் பெயரும் கொடுங்கள். மூலக் கோப்புக்கு கணக்கின் பெயரையும், 2024-03 என்பது போல மாதத்தையும் சேர்த்துப் பெயர் வைத்தால், எந்த மாதம் விட்டுப்போயிருக்கிறது என்று ஃபோல்டரைப் பார்த்தாலே தெரியும்.

ஒவ்வொரு மாதமும் புதிய கோப்பின் தலைப்பு வரியைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே வார்ப்புருவில் ஒட்டுங்கள். வங்கிகள் அறிவிப்பில்லாமல் ஒரு நெடுவரிசையை நடுவில் நுழைப்பதுண்டு. அப்போது எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், தொகை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பு வந்து உட்கார்ந்திருக்கும்.